தேநீரின் மறுபக்கம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி)

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் உள்ள அரவேணு என் ஊர். வாசலைத் தாண்டினால் தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து பறித்த கூலியில்தான் நான் கல்லூரிப் படி ஏறினேன். எங்கள் குடும்பத்தில் பட்டப் படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே தேயிலையைப் பற்றி ஒரு குறை சொல்ல எனக்கு எளிதில் மனம் வரவில்லை. ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று கடைகளில் விற்கும் தேயிலைப் பொட்டலங்களில் ‘பாலிஃபீனால் நிறைந்தது, உடலுக்கு நல்லது’ என்ற விளம்பரத்தைக் காண்கிறோம். நிறைந்தது என்பது உண்மையே. கொழுந்தின் உலர் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பாலிஃபீனால்களே. ஆலையில் இலையை நசுக்கும்போது, நொதியும் காற்றும் சேர்ந்து அவற்றைத் தியாஃபிளேவின், தியாருபிஜின் என்னும் பொருள்களாக மாற்றுகின்றன. தேநீரின் செந்நிறம் இவற்றின் கொடை.

ஆனால், சோதனைக் குழாயில் நன்மை செய்வதெல்லாம் உடலிலும் செய்துவிடுமா? உணவுகளை ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றலின்படி வரிசைப்படுத்திய அட்டவணையொன்றை அமெரிக்க வேளாண்துறை வெளியிட்டிருந்தது. அந்த எண்களுக்கும் மனித உடல்நலத்துக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை என்று கூறி, 2012-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள், தேயிலை வடிநீரில் பெரிக் குளோரைடு சில துளிகள் விட்டேன். கருநீல நிறம் தோன்றியது. ‘பாலிஃபீனால் உண்டு’ என்று பதிவேட்டில் எழ்திவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறினேன். வழியெல்லாம் ஒரே எண்ணம். பெரிக் குளோரைடு இரும்பின் உப்பாயிற்றே! குழாயில் இரும்பைப் பற்றிக்கொண்ட பொருள், வயிற்றில் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பை மட்டும் விட்டுவிடுமா?

விடாது. சோற்றுணவுடன் தேநீர் அருந்தினால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறைகிறது என்று 1975-லேயே தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் ‘கட்’ என்ற மருத்துவ இதழில் எழுதியுள்ளனர்.

என் அம்மாவுக்கு இரத்தசோகை. அவர் தனியாளும் அல்லர். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இக்குறை உண்டு. தேநீர் மட்டுமே காரணம் என்பது என் வாதமன்று. வறுமையும் அரைவயிற்று உணவுமே பெருங்காரணங்கள். ஆனால் கிடைக்கிற சொற்ப இரும்பையும் தேநீரிடம் பறிகொடுப்பானேன்?

உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீரைத் தவிர்க்குமாறு ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் கூறியது. அம்மாவிடம் சொன்னேன். “ஏங்கண்ணு, சாப்பாட்டுக்கு விடறதே ஒரு நேரந்தான். அப்பக் குடிக்காம எப்பக் குடிக்கறது?” என்றார்.

பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அறிவுரை சொல்வது எளிது; நேரம் தருவது யார்? தோட்டங்களில் உணவு இடைவேளை வேறு, தேநீர் இடைவேளை வேறு என்று பிரித்துத் தர வேண்டும் என்பதே என் கருத்து. இதற்குப் பெருஞ்செலவில்லை, மனம்தான் வேண்டும். காலைச் சிற்றுண்டியோடு தேநீர் அருந்தும் தோழியரே, நாமும் இன்றே பழக்கத்தை மாற்றலாம்.

தேநீரை விடச் சொல்லவில்லை. சோற்றை விட்டுச் சற்றே தள்ளி வைக்கச் சொல்கிறேன். பொட்டலத்தின் மேல் நன்மையை அச்சிடுவோர் இதையும் ஒரு வரி அச்சிட்டால், கொழுந்து பறித்த கைகளுக்கு அது நன்றிக்கடனாகும்.