கொலைக் கதை எழுதினால் குறைவா?

"கொலைக் கதை எழுதுகிறவர் எல்லாம் ஒரு எழுத்தாளரா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவரே, பலர் வாய்விட்டுப் பேசக் கூசும் ஆசையைப் பற்றியும் கதை எழுதினால் கேட்க வேண்டியதே இல்லை. முகத்தைச் சுளிப்பார்கள்.

இது நியாயம் அல்ல.

மாதச் சம்பளம் இல்லாமல், எழுதிக் கொடுத்ததற்கு மட்டும் பணம் வாங்கிப் பிழைக்கும் எழுத்தாளர் பலவிதமாக எழுதத்தான் வேண்டும். மளிகைக் கடையில் உப்பும் இருக்கும், கற்கண்டும் இருக்கும். கலப்படம் உண்டா என்றுதான் பார்க்க வேண்டும்.

ரயில் நிலையத்தில் பிணம்

மும்பையில் ஜெர்ரி பிண்டோ என்று ஒரு எழுத்தாளர். பத்திரிகையாளர். ஆங்கிலத்தில் எழுதுகிறவர். கவிதை, குழந்தைகள் கதை, மொழிபெயர்ப்பு என்று அவர் தொடாத துறை குறைவு. இந்தி சினிமா நடனத் தாரகை ஹெலனைப் பற்றி 2006-ல் புத்தகம் எழுதினார். அதற்குத் தேசிய விருது கிடைத்தது. மனநோயால் வாடும் ஒரு தாயைப் பற்றிய நாவலுக்கு 2016-ல் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது.

அவரே 2017-ல் ஒரு கொலைக் கதையும் எழுதினார். பெயர் 'மர்டர் இன் மாஹிம்'. மாதுங்கா ரயில் நிலையக் கழிப்பறையில் ஒரு வாலிபன் வயிறு கிழிந்து கிடக்கிறான். மணவாள நகரில் இருந்து வந்து, திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறுகிறவர்களுக்கு அந்த நெரிசல் புதிது அல்ல.

கொன்றது யார்? இன்ஸ்பெக்டர் ஜெண்டேயும், ஓய்வு பெற்ற பத்திரிகையாளர் பீட்டரும் தேடுகிறார்கள். ஆணை விரும்பும் ஆண்கள் பயந்து பயந்து சந்திக்கும் இடங்கள் தெரிய வருகின்றன. பீட்டருக்கு இன்னொரு கவலையும் வந்து விடுகிறது. "நம் மகனும் அப்படித்தானோ?" துப்பறியும் கதை அங்கே குடும்பக் கதை ஆகிவிடுகிறது!

அப்போது அது சட்டப்படி குற்றம். வெள்ளைக்காரன் 1860-ல் எழுதி வைத்த 377-வது பிரிவு. 2009-ல் டெல்லி ஐகோர்ட்டு அதைத் தளர்த்தியது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் உயிர் கொடுத்தது. வயது வந்த இருவர் மனம் ஒப்பிப் பழகுவது குற்றம் அல்ல என்று 2018 செப்டம்பர் 6-ந் தேதிதான் தீர்ப்பு வந்தது. குற்றம் என்று இருந்தவரை, மிரட்டிப் பணம் பறிக்கிறவன் மீது போலீசில் புகார் கொடுக்க முடியுமா? கொடுத்தவனே அல்லவா மாட்டிக்கொள்வான்!

அமெரிக்கக்காரர்

இரண்டையும் எழுதிப் பெரும் புகழ் பெற்றவர் அமெரிக்காவின் ட்ரூமன் கபோட். தன் இயல்பை உணரும் ஒரு சிறுவனைப் பற்றி 1948-ல் நாவல் எழுதினார். 1959-ல் கன்சாஸ் மாநிலத்தில் ஒரே வீட்டில் 4 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கபோட் அங்கே போய், ஊராரிடமும் பேசினார். பிடிபட்ட இருவரிடமும் சிறையில் பேசினார். 1965-ல் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த ஆண்டு புத்தகம் வந்தது. விற்பனை அமோகம்.

ஆனால் "எல்லாம் உண்மை" என்று சொன்ன அந்தப் புத்தகத்தின் கடைசியில், நடக்காத ஒரு சந்திப்பைச் சேர்த்துவிட்டார். இதுதான் கலப்படம். நாவலில் கற்பனை செய்யலாம். செத்தவர்களின் பெயரைப் போட்டு எழுதும்போது கூடாது.

தமிழில்

தமிழிலும் ஒருவர் துணிந்தார். சு.சமுத்திரம். வானொலியில் வேலை பார்த்தவர். திருநங்கையாக மாறும் சுயம்புவின் கதையை 'வாடாமல்லி' என்ற நாவலாக எழுதினார். அது 1994-ல் வெளிவந்தது. "திருநங்கை" என்ற சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லை. அவருக்கு அரசாங்கச் சம்பளம் இருந்தது. அது இல்லாதவர் என்ன செய்வார்? கொலைச் செய்தி எழுதித்தான் அரிசி வாங்குவார். மீதி நேரத்தில்தான் மனதில் உள்ள கதையை எழுதுவார். அந்தக் கதைக்கும் பத்திரிகைகள் கொலைச் செய்திக்குக் கொடுக்கும் பணத்தையாவது கொடுக்கலாம்.