கடைக்கு வந்த நோட்டீஸுக்குப் பதில் எழுதுங்கள்

2025 ஜூலை மாதத்தில் பெங்களூர்த் தெருக்களில் நடந்தவர்கள் ஒரு புதுமையைக் கண்டிருப்பார்கள். பேக்கரி, டீக்கடை, மளிகைக் கடை என்று பல இடங்களில் கியூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு, ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. கர்நாடக வணிக வரி இலாகா, யு.பி.ஐ. மூலம் கடைகளுக்கு வந்த பணத்தின் விவரத்தைப் பெற்று, 2021-22 முதல் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. கொதிப்பு எழுந்தது. 25-ந் தேதி கடையடைப்பு என்றார்கள். 23-ந் தேதி முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிகளை அழைத்துப் பேசினார். பழைய பாக்கியை வசூலிப்பதில்லை, ஆனால் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தார். கொதிப்பு அடங்கியது.

ஆனால் நோட்டீஸ் வருவது அதோடு நின்றுவிடப் போவதில்லை. பெங்களூரில் கூலி வேலைக்கு வந்து, பத்து வருடம் மிச்சம் பிடித்து, சொந்தமாக ஒரு கடை போட்ட நம்மவர்கள் ஏராளம். முதல் வரி நோட்டீஸ் வரும்போது அவர்கள் செய்வது என்ன என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர் ஒருவர் மளிகையும் காய்கறியுமாகக் கடை வைத்திருக்கிறார். அவருக்கும் நோட்டீஸ் வந்தது. அதை அவர் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டார். ‘ஆண்டவன் பார்த்துக் கொள்வான்’ என்பதல்ல காரணம். பிரித்துப் படிக்கப் பயம். ஒரு மாதம் கழித்துத்தான் என்னிடம் கொண்டு வந்தார். வருடம் 51 லட்ச ரூபாய் வந்திருப்பதாக அதில் கண்டிருந்தது. ‘அண்ணே, இத்தனை பணம் எனக்கு வந்திருந்தால் நான் ஏன் இந்த ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கிறேன்?’ என்றார்.

இங்கேதான் முதல் குழப்பம். சட்டம் பார்ப்பது லாபத்தை அல்ல, மொத்த விற்பனையை. சரக்கு விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் பதிவு வேண்டும். 40 லட்சம் என்பது மலைப்பாகத் தோன்றும். நாளொன்றுக்கு 11,000 ரூபாய் வியாபாரம் நடந்தால் அந்த எல்லை வந்துவிடும். நடமாட்டமுள்ள தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு அது பெரிய வியாபாரமே அல்ல.

இரண்டாவது குழப்பம் நம்மவர்களே உண்டாக்கிக் கொண்டது. அந்த மளிகைக்காரரின் வங்கிக் கணக்கை எடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தோம். ஊரில் நிலம் வாங்க மைத்துனர் அனுப்பிய ஆறு லட்சம் அதில் இருந்தது. மகள் கல்யாண மொய் இருந்தது. கையில் ரொக்கம் வேண்டும் என்று வருகிறவர்களிடம் போனில் வாங்கிக்கொண்டு நோட்டாகக் கொடுத்ததும் இருந்தது. கடைக்கும் வீட்டுக்கும் ஒரே போன், ஒரே கணக்கு! இலாகாவுக்குத் தெரிவது பணம் வந்தது மட்டுமே. எதற்காக வந்தது என்று சொல்ல வேண்டியவர் கடைக்காரர். சொல்லாமல் விட்டால் மைத்துனர் பணமும் விற்பனைதான்.

எந்தச் சரக்கை விற்றோம் என்பதும் அப்படியே. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு நான்கு ஆண்டில் 1.63 கோடி ரூபாய் வரவு என்று கணக்கிட்டு, 29 லட்சம் கட்டச் சொல்லி நோட்டீஸ் போனதைப் பத்திரிகைகளில் படித்தோம். பச்சைக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வரிவிலக்குள்ள சரக்கை மட்டுமே விற்பவர் பதிவு செய்யவே வேண்டியதில்லை. ஆனால் கொஞ்சம் சோப்பும் பிஸ்கட்டும் சேர்த்து விற்றால் கதை மாறும்; எல்லை தாண்டியதா என்று பார்க்கும்போது காய்கறி விற்பனையும் சேரும். வரி மட்டும் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும்தான். நம் மளிகைக்காரர் இந்த ரகம். கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகும் 41 லட்சம் நின்றது. பதிவிலிருந்து தப்ப முடியாது. ஆனால் வரிக்குரிய சரக்கு அதில் பாதிகூட இல்லை. கொள்முதல் பில்களை அவர் கம்பியில் குத்தி வைத்திருந்தாரே, அதுதான் கைகொடுத்தது.

இலாகாவின் மீதும் குறை உண்டு. வரவு விவரம் ஆண்டுதோறும் கிடைக்கக் கூடியது. முதல் ஆண்டிலேயே ஒரு கடிதம் போட்டிருந்தால் வியாபாரி விழித்துக் கொண்டிருப்பார். வரி பாக்கிக்கு வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். பதிவில்லாத காலத்தில் கொள்முதலின்போது கொடுத்த வரியைக் கழித்துக் கொள்ளும் சலுகையும் பொதுவாகக் கிடைப்பதில்லை. நான்கு ஆண்டைக் குவித்து ஒரே நாளில் கேட்டால் டீ ஆற்றுகிறவர் எங்கே போவார்? இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆனால் அட்டையைக் கழற்றுவது பதிலாகாது. ரொக்க விற்பனையும் விற்பனைதான். சட்டத்தில் இரண்டுக்கும் பேதமில்லை. நோட்டீஸ் என்பது கேள்வி. அது தீர்ப்பல்ல. அதில் குறித்த தேதிக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், நேரில் விளக்கவும் கேட்கலாம். பதில் இல்லாவிட்டால்தான் கேட்ட தொகை அப்படியே உத்தரவாகிறது. அதன் பிறகு அப்பீலுக்கு மூன்று மாதம். தகராறான வரியில் 10 சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். உண்மையிலேயே வரி பாக்கி என்றால் தவணை கேட்டு மனுப் போடலாம், 24 மாதம் வரை அனுமதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. கந்து வட்டிக்கு வாங்கிக் கட்ட ஓடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒன்றரைக் கோடிக்குள் விற்பவருக்கு இணக்க வரி என்ற எளிய வழியும் உண்டு. வாங்கி விற்பவர் வரிக்குரிய விற்பனையில் ஒரு சதவீதம் கட்டினால் போதும், ஓட்டல்காரருக்கு ஐந்து. வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. ஓசூரிலிருந்து சரக்கு வாங்கி வரலாம், இங்கிருந்து ஓசூருக்கு விற்கக் கூடாது. இந்த நிபந்தனைகள் ஒத்து வருமா என்று பார்த்துச் சேர வேண்டும்.

‘ஆபீசில் ஆள் இருக்கிறார், முடித்துத் தருகிறேன்’ என்று வரும் தரகர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நோட்டீஸ் உண்மையானதுதானா என்பதை அதிலுள்ள எண்ணைக் கொண்டு ஜி.எஸ்.டி. இணையதளத்திலேயே பார்த்துக் கொள்ளலாம். கணக்கு சிக்கலாக இருந்தால் முறையான ஆடிட்டரிடம் போவதே நல்லது.

இதைப் படிப்பவர்களில் கம்பெனிகளிலும் பாங்குகளிலும் குமாஸ்தா வேலை பார்ப்பவர்கள் அநேகர். கன்னடமோ இங்கிலீஷோ படிக்கத் தெரியாமல், நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் கடைக்காரர் உங்கள் தெருவிலும் இருப்பார். அதைப் படித்துத் தேதியைச் சொல்ல உங்களுக்கு அரை மணி நேரம் ஆகுமா?

நம் மளிகைக்காரர் பதிலைக் கொடுத்து ஒப்புதலும் வாங்கிவிட்டார். கடைக்கென்று தனிக் கணக்கும் தனி போனும் வந்துவிட்டன. நிலத்துப் பணம் தன்னுடையதுதான் என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னதில் மைத்துனருக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல்.