பகலில் மிச்சம், மாலையில் பற்றாக்குறை

கூரையில் சோலார் தகடு பொருத்திய பெரும்பாலான வீடுகளிலும், தெருவில் மின்சாரம் நின்றால் விளக்கு அணைந்துவிடும். உச்சிவெயில் அடித்தாலும் இதே கதைதான். மின்கட்டமைப்போடு இணைந்த இன்வெர்ட்டர், வெளியே மின்னழுத்தம் இல்லையென்றால் தானாக நின்றுவிடும்படி அமைக்கப்பட்டது. இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறிப் பழுதுபார்ப்பவரின் உயிருக்கு ஆபத்து. தகடு விற்பவர்கள் இதை அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை.

இலங்கை இதைப் பட்டறிந்தது. 2022 நெருக்கடியில் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரத்தைத் தொட்டது. அதன் பின் வசதியுள்ளோர் கூரைகளில் சோலார் வேகமாக ஏறியது. ஆனால் 2025 பெப்ரவரி 9 முற்பகலில், நல்ல வெயிலில், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்றார் அமைச்சர். உலகம் குரங்கைப் பார்த்துச் சிரித்தது.

பலவீனம் வேறிடத்தில் இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைவு, சோலாரின் பங்கு அதிகம். அனல், நீர் மின்நிலையங்களின் கனத்த சுழலிகள், பிரேக் பிடித்ததும் நின்றுவிடாத பாரவண்டியைப் போல, திடீர் அதிர்ச்சியிலும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைச் சில நொடிகள் தாங்கிப்பிடிக்கும். சோலாருக்குச் சுழலும் எடை கிடையாது. சுழலிகள் குறைவாக ஓடும் நேரத்தில் சிறு கோளாறும் சங்கிலியாகப் பரவும். 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோக, அடுத்த சில நாட்களுக்குச் சுழற்சி முறையில் மின்வெட்டு. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலார்களைப் பகலில் அணைத்துவைக்கும்படி மின்சார சபையே வேண்டிக்கொண்டது. மாலையில் விளக்கேற்ற டீசல் எரிக்கும் நாடு, பகலில் இலவச வெயிலை வேண்டாமென்றது.

இந்த இரண்டு வேளைகளையும் இணைப்பது பேட்டரி. கட்டமைப்பில் வைக்கும் பெரிய பேட்டரி ஒரு நொடிக்குள் மின்சாரம் தந்து அதிர்வெண்ணைத் தாங்கும்; பகல் மிச்சத்தை மாலை உச்சநேரத்துக்கு நகர்த்தும். ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேலில் 2017இல் அமைந்த 100 மெகாவாட் பேட்டரி இதை நடைமுறையில் காட்டியது. வீட்டளவில், தகுந்த இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்ந்தால் தெருவில் மின்சாரம் இல்லாதபோதும் விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி ஓடும். பழைய ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வெறுமையாக்கினால் ஆயுள் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை அதைவிட ஆழமாகத் தாங்கும். லித்தியம் பேட்டரியின் விலையும் 2010க்குப் பின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது.

இலங்கையின் தேசியக் கட்டமைப்பு எட்டாத நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்தியா 1.1 கோடி டொலர் நன்கொடையில் வகுத்த திட்டம் தொடக்கத்திலேயே பேட்டரியைக் கணக்கில் கொண்டது. 1,700 கிலோவாட் சோலார், 530 கிலோவாட் காற்றாலை ஆகியவற்றுடன் 2,400 யூனிட் தேக்கும் பேட்டரி. அப்படியும் மழைக்கால நாட்களுக்கென்று 2,500 கிலோவாட் டீசல் இயந்திரம் கைவசம். பேட்டரி சில மணி நேரத்துக்குத்தான் ஈடுகொடுக்கும் என்பதை ஒளிக்காத கணக்கு இது.

பகல் யூனிட்டுக்கும் மாலை யூனிட்டுக்கும் ஒரே விலை கிடைத்தால் எந்த வீட்டுக்காரரும் பேட்டரிக்குச் செலவழிக்கமாட்டார். மாலை மின்சாரத்துக்குக் கூடுதல் விலை தர வேண்டும். இனி வழங்கும் சலுகைக் கடன் தகட்டைவிட பேட்டரிக்கே முதலில் போக வேண்டும்.