சட்டைப் பைக்குள் ஒரு சங்கு!

ஆலைச் சங்கின் ஓசையை நமது தோழர்கள் நன்கறிவர். காலையில் அது ஊதும். கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவோம். மாலையில் அது ஊதும். களைத்த உடலும் கறைபட்ட உடையுமாக வெளியே வருவோம். வெறுப்புக்குரிய சங்குதான்! என்றாலும், அதனிடம் ஒரு நேர்மை இருந்தது. ‘வா’ என்று அழைத்த அதே சங்கு, ‘போ’ என்றும் சொல்லிற்று. வாயிலைக் கடந்துவிட்டால், முதலாளியின் குரல் நம் வீட்டுத் திண்ணை வரை வந்ததில்லை.

இன்று வேறொரு சங்கு வந்திருக்கிறது, தோழர்களே! ஆலையின் உச்சியில் அல்ல. நமது சட்டைப் பைக்குள்! அது ‘வா’ என்று மட்டுமே சொல்லும். ‘போ’ என்று சொல்ல அதற்கு நா இல்லை.

அண்மையில், பண்டகக் கிடங்கு ஒன்றிலே பணியாற்றும் தோழர் வீட்டில் இரவு உணவுக்கு அமர்ந்திருந்தோம். சோற்றில் குழம்பு ஊற்றப்படுகிறது. பையிலே ‘கிர்ர்’ என்று ஓர் அதிர்வு. கையைக் கழுவினார், கைப்பேசியை எடுத்தார், மேற்பார்வையாளருக்குப் பதில் எழுதினார். மீண்டும் அமர்ந்தார், மீண்டும் அதிர்வு! நாளை வரும் வண்டிகளின் கணக்காம். மூன்றாம் முறை எழுந்தபோது அவருடைய தாயார் கேட்டார்:

“யாருப்பா அது, இந்நேரத்துல?”

“கம்பெனிம்மா.”

“கம்பெனியைப் பூட்டியாச்சுன்னுதானே வீட்டுக்கு வந்தே?”

பள்ளிக்கூடம் காணாத அந்த மூதாட்டி கேட்ட கேள்விக்குப் பட்டம் பெற்ற பேரறிஞர்கள் பதில் சொல்லட்டும்! பூட்டிய கம்பெனி எப்படி வீட்டுக்குள் வந்தது?

கதை இதுதான். 1990களில் அமெரிக்காவில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ற பொறியாளர், சட்டைப் பையில் அடங்கும் குறிப்பேட்டுக் கருவி ஒன்றைச் செய்ய முனைந்தார். கருவி உருவாகுமுன், அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது தேதி கேட்டால் மரத்துண்டை எடுத்து அதில் எழுதுவதுபோல் பாவனை செய்வார்! அந்த மரத்துண்டிலிருந்து பிறந்ததுதான் 1996இல் வந்த ‘பாம் பைலட்’. முகவரி, நாட்குறிப்பு, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் — இவை அதன் உள்ளே. நல்ல வேலைக்காரன்! கேட்டால் சொல்லும்; கேளாவிட்டால் வாய் திறக்காது.

அடுத்து வந்தது கனடா நாட்டுச் சரக்கு. ஒன்டாரியோ மாநிலத்து வாட்டர்லூ நகரில், மைக் லசாரிடிஸ் என்பவர் நண்பருடன் 1984இல் தொடங்கிய நிறுவனம், 1999இல் ‘பிளாக்பெர்ரி’யைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவரையில், மின்னஞ்சல் பார்க்க வேண்டுமானால் மனிதன் கணினியைத் தேடிப் போக வேண்டும். பிளாக்பெர்ரி வந்த பிறகு, மின்னஞ்சல் மனிதனைத் தேடி வந்தது! இரண்டு கட்டைவிரல்களால் தட்டிப் பதில் எழுதலாம். செய்தி வந்தால் சிவப்பு விளக்கொன்று கண் சிமிட்டும். அந்தச் சிமிட்டலைக் கண்டுவிட்டால் உண்பவனுக்கு உணவு இறங்காது, உறங்குபவனுக்கு உறக்கம் வராது. போதை மருந்தின் பெயரோடு ஒட்டி அதற்கு ‘கிராக்பெர்ரி’ என்று பட்டம் சூட்டினர். 2006ஆம் ஆண்டின் சொல்லாக அதையே தேர்ந்தெடுத்தனர், அமெரிக்க அகராதி ஒன்றின் ஆசிரியர்கள்!

அந்தக் கருவி இன்று இல்லை. 2016இல் அந்நிறுவனம் தானே கருவி வடிவமைப்பதைக் கைவிட்டது. 2022 ஜனவரி 4 அன்று பழைய கருவிகளுக்கான சேவையும் நின்றது. கருவி செத்தது, அது கற்றுக்கொடுத்த பழக்கம் சாகவில்லை. அன்று மேலதிகாரியின் இடுப்பில் தொங்கியது. இன்று மூட்டை சுமப்பவன் பையிலும் முனகுகிறது.

‘அப்படியானால் கருவி வேண்டாம் என்கிறீரோ?’ என்று கேட்போர் உண்டு. அல்ல, அல்ல! அறிவியலைக் கண்டு அஞ்சுவோர் பாசறையில் வளர்ந்தவர்கள் அல்லர் நாம். கம்பியில்லாச் செய்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் காலம் வரும் என்று, 1940களிலேயே ‘இனிவரும் உலகம்’ என்ற நூலில் சொன்னவர் பெரியார். ஆனால் அவர் அதை மட்டுமா சொன்னார்? இயந்திரம் பெருகப் பெருக மனிதனின் பாடு குறையும், ஓய்வு கூடும் என்றும் அல்லவா சொன்னார்! கருவி வந்துவிட்டது. ஓய்வு எங்கே? பாதியைக் கொடுத்துவிட்டு மீதியைப் பதுக்கியவர் யார்? அதைத்தான் கேட்கிறோம்.

இனி, சிகாகோவுக்கு வாருங்கள்.

சிகாகோ என்றதும் நமக்கு நினைவு வருவது என்ன? 1886 மே முதல் நாள்! எட்டு மணி நேர வேலை கேட்டு எழுந்த கூட்டம்! மே 4ஆம் நாள் ஹேமார்க்கெட் திடல். 1887 நவம்பர் 11இல் நால்வருக்குத் தூக்கு! அந்த ஈகத்தின் நினைவைத்தான் 1923இல் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றிக் கொண்டாடினார் சிங்காரவேலர்.

அதே சிகாகோவிலிருந்து இன்னொரு கதை. குற்றத் தடுப்புப் பிரிவுக் காவலர்களுக்கு நகராட்சி பிளாக்பெர்ரிக் கருவிகளைக் கொடுத்தது. பணி முடிந்து வீடு திரும்பிய பின்னும் செய்திகள், அழைப்புகள், பதில்கள்! ‘இது வேலை இல்லையா? இதற்குக் கூலி எங்கே?’ என்று 2010இல் வழக்குத் தொடுத்தனர். ஐம்பது பேர் அளவில் அதில் சேர்ந்தனர்.

2015இல் தீர்ப்பு வந்தது. பணி நேரத்துக்குப் பின் அந்தக் கருவியில் அவர்கள் செய்தவற்றுள் கூலிக்குரிய வேலையும் உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. ஏற்றும், காவலர்கள் தோற்றனர்! ஏன்? மிகுதி நேரத்துக்குக் கூலி கேட்க ஒரு சீட்டு முறை இருந்தது. இந்த வேலையை அந்தச் சீட்டில் அவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதாத நேரத்தை நகராட்சி எப்படி அறியும் என்பது தீர்ப்பு. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

பார்த்தீர்களா, தோழர்களே! எட்டு மணி நேரத்துக்காக உயிர் கொடுத்தார்கள் ஒரு காலத்தில். அதே ஊரில், எட்டு மணிக்கு மேல் உழைத்ததை எழுதி வைக்காததால் ஊதியத்தை இழந்தார்கள் இன்னொரு காலத்தில். தோல்விதான், ஆனால் பாடம் நிறைந்த தோல்வி.

‘இரண்டு நிமிட வேலைதானே! இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?’ என்பர், மேசைக்குப் பின்னால் இருப்போர். கணக்குப் போடுவோம். ஓர் இரவில் பத்துச் செய்திகள். ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம். ஆக, 30 நிமிடம். மாதத்தில் 26 வேலை நாட்கள். ஆக, 13 மணி நேரம். ஆண்டுக்கு 156 மணி! எட்டு மணிக் கணக்கில் பார்த்தால் 19 நாட்களுக்கும் மேல்! 19 நாட்கள் கூலியின்றி வேலை செய் என்று எந்த முதலாளியாவது வாய்விட்டுக் கேட்பாரா? வாய் கேட்கக் கூசுவதைப் பைக்குள் இருக்கும் பொருள் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது!

இதைத் தடுக்க முடியாதா? முடியும் என்று காட்டியவர்கள் உண்டு. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் ஆலையில், 2011இல், தொழிலாளர் மன்றம் நிர்வாகத்துடன் உடன்பாடு செய்தது. பணி முடிந்த அரை மணியில் பிளாக்பெர்ரிக்கு மின்னஞ்சல் போவது நிற்கும். மறுநாள் பணி தொடங்குவதற்கு அரை மணி முன்புதான் மீண்டும் வரும். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களுக்கு அந்த ஏற்பாடு. சங்கு மீண்டும் ‘போ’ என்று சொல்லக் கற்றது! பிரான்சில், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் இதுபற்றி ஊழியர்களுடன் பேசித் தீர்க்க வேண்டும் என்ற சட்டம் 2017 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு 26 முதல், பணி நேரத்துக்கு வெளியே வரும் செய்தியைப் பார்க்கவோ பதில் தரவோ மறுக்கும் உரிமையைச் சட்டம் வழங்கியது. மறுப்பு நியாயமற்றதாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. இந்திய நாடாளுமன்றத்திலும் 2018இல் சுப்ரியா சுலே இதற்கெனத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். மசோதா வந்தது, சட்டம் வரவில்லை.

‘அவசரம் வந்தால்?’ என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி! தீ பிடித்தால் அணைக்கிறவனுக்கும், மின்கம்பி அறுந்தால் ஏறுகிறவனுக்கும், நள்ளிரவில் பிள்ளைப்பேறு பார்க்கும் செவிலிக்கும் அழைப்பு வரத்தான் வேண்டும். ஆனால், அதற்கு முறைவைத்து ஆள் நிறுத்துங்கள். காத்திருக்கும் நேரத்துக்கும் கணக்குக் கொடுங்கள். நாளை பத்து மணிக்குப் பார்க்க வேண்டிய பட்டியலை இன்றிரவு பத்து மணிக்கு அனுப்பிவிட்டு, அதற்கு ‘அவசரம்’ என்று பெயர் சூட்டாதீர்கள்!

நாம் செய்ய வேண்டியது என்ன? ஆத்திரத்தில் கருவியை உடைப்பதல்ல. அறிவோடு அதைப் பயன்படுத்துவது. அதன் நாட்குறிப்பில் எழுதுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்குச் செய்தி வந்தது, யார் அனுப்பினார், எவ்வளவு நேரம் வேலை வாங்கிற்று. ஒரு மாதம் எழுதுங்கள். எழுதியதைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த ஊதியப் பேச்சில், பஞ்சப்படிக்கும் ஊக்கத்தொகைக்கும் பக்கத்தில் இந்தக் கணக்கும் இருக்கட்டும். அழைத்து வேலை வாங்கிய கருவியே சாட்சிக் கூண்டில் ஏறட்டும்! சிகாகோக் காவலர்கள் எழுதாமல் விட்டதை நாம் எழுதி வெல்வோம்.

ஊருக்கு உரைக்குமுன் நமக்கும் ஒன்று. நள்ளிரவில் ‘உடனே பதில் தருக’ என்று கிளைத் தோழர்களை எழுப்பும் செயலாளர்கள் நம்மிடையே இல்லையா? இந்தக் கட்டுரையாளரும் அந்தக் குற்றத்திலிருந்து தப்பியவரல்லர்! தோழனின் உறக்கமும் உழைப்பாளியின் உரிமைதான். காலை வரை காத்திருக்கக் கூடிய செய்தி, காலை வரை காத்திருக்கட்டும்.

இந்திய நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், வாரத்துக்கு 48 மணி என்று எல்லை கட்டிற்று. மிகுதி நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று எழுதிற்று. அந்த எல்லை ஆலை வாயிலில் நின்றது. இன்று வாயில் இடம் பெயர்ந்துவிட்டது. நமது சட்டைப் பைக்கே வந்துவிட்டது. ஆகவே, காவலும் அங்கேதான் போட வேண்டும்.

‘கம்பெனியைப் பூட்டியாச்சுன்னுதானே வீட்டுக்கு வந்தே?’ என்று கேட்ட அந்தத் தாய்க்கு, ‘ஆமாம்மா, பூட்டியாச்சு, சோறு போடுங்க’ என்று அவர் மகன் அமைதியாகச் சொல்லும் நாள் வர வேண்டும்.

அந்த நாளைக் கேட்டு வாங்குவோம், தோழர்களே! கணக்கோடு கேட்போம், கூட்டாகக் கேட்போம்!