பொய்த்த மழை மட்டும் மறப்பதில்லை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அடுத்த ஒரு வாரத்துக்கான முன்னறிவிப்பு வெளியான கையோடு, "வானிலை மையமே சொல்லிவிட்டதா? அப்படியானால் துணி காயப்போடலாம்" என்ற நையாண்டியும் வந்துவிடுகிறது. சென்னை வானிலை மையத்தின் எஸ்.ஆர்.ரமணன் தொலைக்காட்சியில் தோன்றிய காலத்திலேயே புளித்துப்போன சரக்கு இது. இந்த ஐப்பசியிலும் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். நையாண்டிக்காரர்கள் கையில் இருக்கும் சாட்சி 2024 அக்டோபர் 16. சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தார்கள், வெள்ளத்துக்குப் பயந்து கார்கள் வேளச்சேரி மேம்பாலம் ஏறின, அன்று சொன்ன அளவுக்கு மழை இல்லை. முந்தின நாள் மழையில் தெருக்களில் தண்ணீர் தேங்கியதும், தாழ்வு மண்டலம் மறுநாள் அதிகாலை சென்னைக்குச் சற்று வடக்கே கரையேறியதும் இவர்கள் கணக்கில் சேராது. பெய்யாத மழைக்குத்தான் இவர்களிடம் அபாரமான ஞாபகசக்தி!

சரி, பைலின் புயலை என்ன செய்வீர்கள்? 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013 அக்டோபர் 12-இல் அதே மாநிலத்தின் கோபால்பூர் அருகே பைலின் கரையைக் கடந்தது. முன்னறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. துணி காயப்போடும் வித்தகர்கள் அன்று கோபால்பூரில் இருந்திருந்தால் கொடியில் என்ன மிஞ்சியிருக்கும்?

புயலைச் சொல்லலாம், மழையைச் சொல்ல முடியவில்லையே என்பார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதைக் காட்டுவார்கள். அந்த அளவை முன்கூட்டியே சொல்ல முடியவில்லை என்பது உண்மை. வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் சற்றே விலகினாலும் ஒரு மாவட்டத்து மழை அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும். நாள் தள்ளத் தள்ளக் கணிப்பின் உறுதி குறையும் என்பதால்தான் அறிக்கையைத் தினமும் திருத்துகிறார்கள். அறிக்கையில் "ஓரிரு இடங்களில் மழை" என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மேல் போகாது என்று பொருள். மீதி முக்கால்பங்கில் குடியிருப்பவர், தம் மொட்டைமாடி நனையவில்லை என்று அறிவியலையே தள்ளுபடி செய்கிறார். மஞ்சள் எச்சரிக்கைக்கும் சிவப்புக்கும் ஒரே அலறல் அலறும் தொலைக்காட்சிகளுக்கு இந்த அவநம்பிக்கையில் பங்கில்லையா? அறிக்கையில் பள்ளி விடுமுறையைத் தவிர வேறெதையும் தேடாத பெற்றோருக்கு? ஏரியைத் தூர்த்து மனை போட்டவர்களுக்கும் அதற்குப் பட்டா கொடுத்தவர்களுக்கும் வானிலை மையம் நல்ல கேடயம். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், "முன்னமே சொல்லவில்லை" என்று அதன் தலையில் போட்டுவிடலாம்.

வாராந்திர அறிக்கையின் முதல் இரண்டு நாள்களை நம்பித் திட்டமிடுங்கள், கடைசி நாள்களை வெறும் குறிப்பாகக் கொள்ளுங்கள், அன்றன்றைய திருத்தத்தைப் பாருங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால் சிரிக்காமல் மேட்டுக்குப் போங்கள். பைலினுக்கு முன்னால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் அதைத்தான் செய்தார்கள்.