ஆலையில் தேர்ச்சி, குழாயில் தோல்வி

குடிநீரைச் சுத்திகரிக்கப் புது முறை ஒன்று வருகிறது. அது சரியாக வேலை செய்கிறதா என்று எங்கே சோதிப்பது? சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் என்பதுதான் பொறியாளர்கள் வழக்கமாகத் தரும் பதில். அந்தப் பதில் போதாது என்பதை அமெரிக்கத் தலைநகரம் வாஷிங்டன் தன் குழந்தைகளின் ஆரோக்கியத்தை விலையாகக் கொடுத்துத் தெரிந்துகொண்டது.

ஆய்வுக்கூடச் சோதனையைக் குறை சொல்வதற்கில்லை. பெரும்பாலான நிலையங்களில் ஒரு மேசைமீது வரிசையாக ஆறு கண்ணாடிக் குடுவைகளைப் பார்க்கலாம். ஊழியர்கள் அதை 'ஜார் டெஸ்ட்' என்பார்கள். ஆற்றிலிருந்து வந்த கலங்கல் நீரை ஆறிலும் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவில் படிகாரம் சேர்ப்பார்கள். துடுப்புகள் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் சுழலும். சேறு பஞ்சுபோலத் திரண்டு அடியில் படியும். எந்தக் குடுவையில் குறைந்த படிகாரத்தில் நன்றாகத் தெளிகிறதோ, அன்றைக்கு ஆலை முழுவதற்கும் அந்த அளவுதான். மழை பெய்து ஆறு கலங்கினால் மறுபடி சோதனை. மலிவான, நம்பகமான முறை. ஆனால் குடுவை கண்ணாடியால் ஆனது. ஊருக்குள் ஓடும் குழாய் அப்படி அல்ல.

வாஷிங்டனின் சங்கடம் இந்த வித்தியாசத்தில்தான் தொடங்கியது. போடோமாக் ஆற்று நீரைச் சுத்திகரிப்பது ராணுவப் பொறியாளர் படையின் கீழ் இயங்கும் 'வாஷிங்டன் அக்வடக்ட்'. அதை வாங்கி வீடுகளுக்கு வினியோகிப்பது வேறோர் அமைப்பு: நகரின் குடிநீர், கழிவுநீர் ஆணையம். கிருமிகளைக் கொல்ல நெடுங்காலமாகப் பயன்பட்டது குளோரின். அதில் ஒரு வில்லங்கம் இருப்பதை 1974இல் ராட்டர்டாம் நகரக் குடிநீர் நிலைய வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக் வெளியிட்டார். ஆற்று நீரில் கரைந்திருக்கும் மக்கிய இலைதழைச் சத்துடன் குளோரின் சேரும்போது குளோரோபார்ம் போன்ற டிரைஹாலோமீத்தேன்கள் உருவாகின்றன. இவை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற அச்சம் பரவியது. 1998இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இவற்றுக்கான வரம்பை லிட்டருக்கு 100 மைக்ரோகிராமிலிருந்து 80 ஆகக் குறைத்தது.

மாற்று தயாராகவே இருந்தது. குளோரினுடன் கொஞ்சம் அம்மோனியா சேர்த்தால் குளோரமின் கிடைக்கும். கிருமியைக் கொல்வதில் சற்று மந்தம். ஆனால் குழாயில் நீண்ட நேரம் தங்கும், டிரைஹாலோமீத்தேன்களை அதிகம் உண்டாக்காது. வேறு பல அமெரிக்க நகரங்கள் ஏற்கனவே பயன்படுத்திவந்த முறைதான். 2000 நவம்பரில் வாஷிங்டனும் மாறியது. எதற்காக மாறினார்களோ அந்தக் காரியம் நிறைவேறியது. புது முறை தேர்ச்சி பெற்றதாகவே தோன்றியது.

தேர்வில் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருந்தது: ஈயம். தெருவில் ஓடும் பெரிய குழாயிலிருந்து வீட்டுக்குள் நீர் கொண்டுபோகும் இணைப்புக் குழாய்கள் அந்தப் பழைய நகரத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஈயத்தால் ஆனவை. பல ஆண்டுகள் குளோரின் கலந்த நீர் ஓடியதில் அவற்றின் உட்புறத்தில் ஈய டை ஆக்சைடு பொருக்காகப் படிந்திருந்தது. குளோரினின் வலுவான ஆக்சிஜனேற்றம்தான் அந்தப் பொருக்கைக் கரையாமல் காத்துவந்தது. குளோரமினுக்கு அந்த வலு இல்லை. காவல் விலகியதும் பொருக்கு கரையத் தொடங்கியது. ஆலையைவிட்டு ஈயமே இல்லாமல் கிளம்பிய நீர், சமையலறைக்குள் ஈயத்தோடு நுழைந்தது.

அமெரிக்க விதிப்படி, சோதிக்கும் வீடுகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் ஈயத்தைத் தாண்டினால் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். 2002 வாக்கிலேயே நகரம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. 2003இல் சுமார் 6,000 வீடுகளில் எடுத்த மாதிரிகளில் 4,000க்கும் மேற்பட்டவை வரம்புக்கு மேல். சிலவற்றில் 300ஐயும் தாண்டியது. செப்புக் குழாய்களில் ஊசித்துளை விழுவது ஏன் என்று ஆராய்ந்துகொண்டிருந்த வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ், குழாய் நீரில் இருந்த ஈயத்தைக் கண்டு திகைத்தார். ஆனால் 2004 ஜனவரி இறுதியில் 'வாஷிங்டன் போஸ்ட்' செய்தி வெளியிட்ட பிறகுதான் நகர மக்களுக்கு விஷயம் பரவலாகத் தெரிந்தது.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இதற்குக் கீழே ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவு கிடையாது. அந்த ஆண்டே மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையம் பாதிப்பு பெரிதாக இல்லை என்பதுபோல ஓர் அறிக்கை தந்தது. 2009இல் எட்வர்ட்ஸ் குழுவின் ஆய்வு, ஈயம் மிகுந்திருந்த பகுதிகளில் சிறு குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயம் கூடியிருந்ததைக் காட்டியது. பல ரத்தப் பரிசோதனை முடிவுகள் விடுபட்ட கணக்கை வைத்துக்கொண்டு மையம் ஆறுதல் சொன்னதாக 2010இல் நாடாளுமன்றத் துணைக்குழு கண்டித்தது.

பரிகாரத்தைச் செய்தபோது அதிகாரிகள் பாடம் கற்றிருந்தார்கள். ஆர்த்தோபாஸ்பேட் சேர்த்தால் குழாயின் உட்புறத்தில் மெல்லிய காப்புப் படலம் உருவாகும். அதை ஒரே நாளில் ஊர் முழுக்கத் திறந்துவிடவில்லை. 2004 ஜூனில் நகரின் ஒரு பகுதியில் மட்டும் சேர்த்துப் பார்த்து, ஆகஸ்டில் மற்ற இடங்களுக்கும் விரித்தார்கள். பழைய ஈயக் குழாய்களைச் சுத்திகரிப்பு நிலையத்தில் வளையமாகப் பொருத்தி, அவற்றில் நீரை மாதக்கணக்கில் ஓடவிட்டு ஈயத்தை அளந்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஈயம் வரம்புக்குள் இறங்கியது. இந்த வளையச் சோதனை 2000க்கு முன்பும் பொறியாளர்களுக்குத் தெரிந்த ஒன்றுதான்.

எங்கே சோதிப்பது என்பதைப் போலவே, எந்த நாளில் சோதிப்பது என்பதும் முக்கியம். மிச்சிகன் ஏரி நீரைக் குடிக்கும் மில்வாக்கி நகரின் தெற்கு ஆலை, படிகாரத்துக்குப் பதிலாகப் பாலி அலுமினியம் குளோரைடுக்கு மாறியிருந்தது. சாதாரண நாட்களில் பிரச்சினை இல்லை. 1993 மார்ச் இறுதியில் நீரின் கலங்கல் திடீரென்று ஏறியபோது, புதுப் பொருளை எவ்வளவு கூட்டுவது என்ற அனுபவம் ஊழியர்களிடம் போதவில்லை. ஏப்ரல் 2ஆம் தேதி படிகாரத்துக்கே திரும்பினார்கள். அதற்குள் குளோரினுக்கும் அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் வடிகட்டியைத் தாண்டிவிட்டது. நோயுற்றவர்கள் சுமார் 4 லட்சம் பேர் என்று மதிப்பிடப்பட்டது.

இந்திய நகரங்களுக்கு இவை தூரத்துச் செய்திகள் அல்ல. யமுனையில் அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராமை நெருங்கினாலே தில்லியின் வஜீராபாத், சந்திராவல் நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின் வரம்பு அரை மில்லிகிராம்தான். அந்த நீரில் குளோரினைக் கொட்டினால் முதலில் உருவாவது அதே குளோரமின். வாஷிங்டன் திட்டமிட்டுச் செய்ததை தில்லியில் மாசு தானாகவே செய்துவிடுகிறது.

நிலத்துக்கு அடியில் இருக்கும் குழாயும் லேசான விஷயமல்ல. பிளாஸ்டிக் குழாய்கள் உறுதியாக இருக்கச் சேர்க்கப்பட்டுவந்த ஈயச் சேர்மங்களைக் கட்டுப்படுத்த மத்திய அரசு விதிகளை அறிவித்ததே 2021இல்தான். அதற்கு முன்பு புதைத்தவை புதைத்தபடி இருக்கின்றன. மேலும், பெரும்பாலான ஊர்களில் தண்ணீர் வருவது நாளுக்குச் சில மணி நேரம். மற்ற நேரத்தில் அழுத்தம் இல்லாத குழாய், விரிசல் வழியே சாக்கடையை உறிஞ்சிக்கொள்ளும். 2021 ஜூலையில் ஒடிசாவின் புரி நகரம், குழாயிலிருந்தே நேராகக் குடிக்கலாம் என்று அறிவித்தது. அதற்கு ஆலையை நவீனமாக்கினால் மட்டும் போதாது. 24 மணி நேரமும் குழாயில் அழுத்தம் குறையாமல் நீர் ஓட வேண்டும்.

ஓசோன், சவ்வு வடிகட்டி, புதுப்புது ரசாயனங்கள் என்று நகராட்சிகளின் கதவைத் தட்டும் ஒவ்வொரு முறையும் ஆலையின் வாசலில் எடுத்த மாதிரியைத்தான் சான்றாகக் காட்டும். கேட்க வேண்டியது வேறு. ஊருக்குள் தோண்டியெடுத்த பழைய குழாயில் இந்த நீரை ஓடவிட்டுப் பார்த்தார்களா? ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் அது தாண்டியதா? முதலில் ஒரே ஒரு வார்டில் கொடுத்து, அங்குள்ள வீட்டுக் குழாய்களில் எடுத்த அளவுகளை மக்களுக்குச் சொன்னார்களா? இந்தச் சோதனைகளுக்குச் சில மாதங்களும் கொஞ்சம் பணமும் செலவாகும். அவற்றை மிச்சம் பிடித்த வாஷிங்டனில், ஆலை தேறிய பாடத்துக்கும் சேர்த்துக் குழந்தைகள்தான் தேர்வு எழுதினார்கள்.