மரத்துக்கும் ஒரு முகாம் போடுங்க

விடுமுறை வந்தா நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கிராமங்கள்ல ஏழு நாள் முகாம் போடுவாங்க. 1969-ல் தொடங்கின நல்ல திட்டம். கோயிலைக் கூட்டுவாங்க, மரக்கன்று நடுவாங்க. வேண்டாம்னு சொல்லலை. ஆனா டவுன் பிள்ளைகளுக்கு அவங்க தெருவிலேயே வேலை கிடக்கு.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வந்தா ரோட்டோர வேப்பமரங்களைப் பாருங்க. உடம்பெல்லாம் விளம்பரத் தகடு அடிச்ச ஆணி. தூரைச் சுத்தி சிமெண்டு.

இலை சமைக்கிற சாப்பாடு உள்பட்டை வழியாத்தான் வேருக்கு இறங்குது. ஆணி அடிச்ச காயத்துல பூஞ்சாணம் நுழையும். சிமெண்டு பூசினா வேருக்குக் காத்தும் தண்ணியும் போகாது. தோப்புல மாமரத்துக்கு வட்டப்பாத்தி எடுக்காம விடுவோமா? 2013-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம், டெல்லி மரங்களைச் சுத்தி 1 மீட்டருக்கு சிமெண்டை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. நம்ம ஊர் மரத்துக்கும் வேர் ஒண்ணுதானே?

முகாம்ல ரெண்டு நாளை இதுக்கு ஒதுக்கலாம். நகராட்சி அனுமதியோட தெருவுக்கு நாலு பேர். ஆணியைப் பிடுங்கணும். எந்த மரத்துல பொந்து, எதுல கரையான்னு நோட்டுல எழுதணும். சிமெண்டை உடைக்கையில கடப்பாறை வேர்ல படாம இருக்க, விவரம் தெரிஞ்ச விவசாயி ஒருத்தர் கூட நிக்கட்டும். உள்பட்டைன்னு பாடத்துல படிச்சது எதுக்குன்னு அன்னைக்குப் புரியும்.

இன்னைக்கு நடுற கன்று நிழல் தர பல வருஷம் ஆகும். நிக்கிற மரத்தைக் காப்பாத்தினா நிழல் இப்பவே இருக்கு.

நகரத்து நண்பர்களே, உங்க தெரு மரத்துல எத்தனை ஆணி இருக்கு? எண்ணிப் பார்த்துட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்துல போய்ப் பேசுங்க.